அஸ்ம் மாளிகை: ஒரு பாஷாவின் வீடும் அவருக்கு வந்த முடிவும்

டமாஸ்கஸ் பழைய நகரில் உமையாத் பெரிய பள்ளிவாசலுக்குத் தெற்கே புஸூரிய்யா என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. புஸூர் என்றால் அரபியில் விதைகள். பேருக்கு ஏற்ற மாதிரி சீரகம், மல்லி, காய்ந்த ரோஜா மொட்டு, சர்க்கரை பூசிய பாதாம் என்று மூட்டை மூட்டையாகத் திறந்து வைத்திருக்கும் தெரு. அதன் தலைமாட்டிலேயே ஒரு நீளமான கல்சுவர் வரும். பெரிதாக அலங்காரம் எதுவும் இல்லாத சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் பதினெட்டாம் நூற்றாண்டு டமாஸ்கஸின் மிகப் பெரிய வீடு இருக்கிறது, கஸ்ர் அல் அஸ்ம் என்கிற அஸ்ம் மாளிகை.

மாளிகை என்றதும் தூரத்தில் இருந்தே தெரியும் கோபுரமும் படிக்கட்டும் நம் மனதுக்கு வரும். இங்கே அதெல்லாம் கிடையாது. பழைய டமாஸ்கஸில் ஏழை வீடானாலும் பணக்கார வீடானாலும் தெருவுக்குக் காட்டும் முகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாசலைத் தாண்டினால் வழி நேராகப் போகாது, ஒரு திருப்பம் இருக்கும். கதவு திறந்து கிடந்தாலும் தெருவில் போகிறவர் கண்ணுக்கு உள்முற்றம் தெரியக் கூடாது, அதற்குத்தான் அந்தத் திருப்பம். வீட்டுப் பெண்களின் மறைவுக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் இந்த வீட்டின் கதையைப் படித்த பிறகு எனக்கு இன்னொரு காரணமும் தோன்றியது: தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெருவுக்குத் தெரியாமல் இருப்பது அந்தக் காலத்தில் உயிரையே காப்பாற்றக்கூடிய விஷயம்.

டமாஸ்கஸ் 1516ல் உஸ்மானியர் (ஆட்டோமன் துருக்கியர்) கைக்கு வந்தது. அதன் பிறகு ஆளுநரை இஸ்தான்புல்லில் இருந்துதான் நியமிப்பார்கள். பதவி வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும், பெரும்பாலானவர்கள் ஓரிரு வருடத்தில் மூட்டை கட்டிவிடுவார்கள். ஊரில் வேர் பிடித்துவிட்ட ஆளுநர் சுல்தானுக்கு ஆபத்து என்பது கணக்கு. ஆனால் 1708 வாக்கில் இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு வருடமும் டமாஸ்கஸில் இருந்து மக்காவுக்குப் புறப்படும் ஹஜ் பயணக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்கும் வேலையை டமாஸ்கஸ் ஆளுநரிடமே ஒப்படைத்தார்கள். ஆயிரக்கணக்கான மக்களையும் ஒட்டகங்களையும் பாலைவனம் தாண்டிக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவர வேண்டும், போக வர நான்கு மாதம் போல ஆகும். வழியில் உள்ள பதுவி குலங்களுக்கு, அதாவது பாலைவன நாடோடிகளுக்கு, கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது பின்னால் வருகிறது. இந்த வேலைக்கு வெளியூரில் இருந்து வருடத்துக்கு ஒரு புது ஆள் சரிப்பட மாட்டார். பாதை தெரிந்த, குலத் தலைவர்களைத் தெரிந்த, சொந்தப் பணமும் ஆள்பலமும் உள்ள உள்ளூர்க்காரர்தான் வேண்டும். அஸ்ம் குடும்பம் மேலே வந்தது இந்த இடுக்கு வழியாகத்தான்.

முதலில் வந்தவர் இஸ்மாயில் பாஷா, 1725ல் ஆளுநர். பாஷா என்பது உஸ்மானிய உயர் அதிகாரிகளின் பட்டம். 1730ல் இஸ்தான்புல்லில் கலகம் வந்து சுல்தான் மூன்றாம் அஹ்மத் பதவி இழந்தபோது இஸ்மாயிலும் விழுந்தார், சிறை, சொத்துப் பறிமுதல். அடுத்து அவர் தம்பி சுலைமான் பாஷா இரண்டு முறை ஆண்டார். 1743ல் கலிலேயாவில் ஸாஹிர் அல் உமர் என்ற உள்ளூர்த் தலைவரை எதிர்த்துப் போன படையெடுப்பின்போது செத்துப் போனார். உடனே இஸ்தான்புல்லில் இருந்து ஆள் வந்து அவர் சொத்தைக் கணக்கெடுத்து எடுத்துக்கொண்டது. ஆளுநர் சேர்த்தது எல்லாம் கடைசியில் அரசுக்குத்தான் என்பது அன்றைய வழக்கம். பதவியில் இருப்பவரின் செல்வம் சுல்தானிடம் வாங்கிய கைமாற்று மாதிரி. அந்த வருடமே நாற்காலிக்கு வந்தவர்தான் நம் ஆள், இஸ்மாயிலின் மகன் அஸ்அத் பாஷா. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்ததை இரண்டையும் பார்த்தவர்.

ஆரம்பத்தில் அவரை யாரும் மதிக்கவில்லை. ஊரின் வருவாய்க் கணக்கைக் கையில் வைத்திருந்த தஃப்தர்தார் ஃபத்ஹி என்பவர் ஒரு பக்கம், மைதான் பகுதியை ஆட்டிப் படைத்த உள்ளூர் ஜானிஸரிப் படைவீரர்கள் இன்னொரு பக்கம். அஸ்அத் மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தார். 1746ல் இஸ்தான்புல்லின் ஒப்புதல் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் ஒரே வருடத்தில் முடித்துவிட்டார். ஃபத்ஹி கொல்லப்பட்டார், அவர் உடலைத் தெருவில் இழுத்துச் சென்றார்கள். அதற்கப்புறம் டமாஸ்கஸில் அஸ்அத்துக்கு எதிராகக் குரல் கொடுக்க ஆள் இல்லை. 1749ல் வீடு கட்டத் தொடங்கினார்.

இந்த வீடு கட்டிய கதை நமக்கு இவ்வளவு நெருக்கமாகத் தெரிவதற்கு ஒரு நாவிதர் காரணம். அஹ்மத் அல் புதைரி என்று டமாஸ்கஸில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர், 1741 முதல் சுமார் இருபது வருடம் ஊரில் நடந்ததை எல்லாம் எழுதி வைத்தார். அரிசி என்ன விலை, ரொட்டி என்ன விலை, யார் செத்தார், யார் யாரை அடித்தார் என்று எல்லாம். பெரிய உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) வரலாறு எழுதிய காலத்தில் கத்தியும் சாணைக்கல்லும் வைத்துப் பிழைத்த ஒருவர் வரலாறு எழுதினார் என்பதே ஆச்சரியம்தான். (பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல் காஸிமி என்கிற அறிஞர் ஒருவர் இதன் மொழியைத் 'திருத்தி' ஒழுங்குபடுத்தினார். அந்தத் திருத்தத்தில் எவ்வளவு ருசி போயிற்றோ என்று எனக்கு ஒரு வருத்தம்.) புதைரிக்கு பாஷாவின் மாளிகை, முடி வெட்டக் கடைக்கு வருகிறவர்கள் வழியாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். முடி வெட்டுகிற இடத்தில் ஊரே பேசும் இல்லையா.

அவர் எழுதியதன் சாரம் இது: பாஷா வீடு கட்ட ஆரம்பித்ததும் ஊரில் கொத்தனாரும் தச்சரும் கிடைக்காமல் போனார்கள், எல்லாரும் அங்கே வேலையில். எங்கே நல்ல பளிங்கு இருக்கிறது, எங்கே பழைய தூண் இருக்கிறது என்று தேடித்தேடிக் கொண்டுவந்தார்கள், உடைமைக்காரர் சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி. ரோமானியர் காலத்து நகரமான புஸ்ராவில் இருந்துகூடத் தூண்கள் வந்தன. கனவாத் வாய்க்கால் தண்ணீரை மாளிகைக்குத் திருப்பியதில் ஊருக்குத் தண்ணீர் தட்டுப்பட்டது. இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ரொட்டி விலை ஏறிக்கொண்டே போனது, தானியத்தைப் பதுக்கியவர்களில் பாஷாவும் உண்டு என்பது ஊர்ப் பேச்சு. இன்று நாம் அந்த முற்றத்தின் படத்தைப் பார்த்து 'என்ன அமைதி!' என்று சொல்லும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இடமும் வெறும் இடம் இல்லை. பதினான்காம் நூற்றாண்டில் மம்லூக் ஆட்சியில் டமாஸ்கஸை முப்பது வருடம் போல ஆண்ட தன்கிஸ் என்ற ஆளுநரின் மாளிகை இங்கேதான் இருந்தது. தன்கிஸும் ஊரையே மாற்றிக் கட்டியவர், அவரும் கடைசியில் சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகி 1340ல் கொல்லப்பட்டவர். கொஞ்சம் ராசி பார்க்கிறவராக இருந்தால் அஸ்அத் வேறு மனை பார்த்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆளுநர் மாளிகை என்று சொல்கிறோமே தவிர, இது அரசாங்கக் கட்டடம் இல்லை. அலுவல் நடந்த ஸராய் நகரச் சுவருக்கு வெளியே, கோட்டைக்கு மேற்கே இருந்தது. அங்கே யார் ஆளுநரோ அவர் உட்காருவார், மாற்றல் வந்தால் எழுந்து போவார். இது அஸ்அத்தின் சொந்த வீடு, பெரிய பள்ளிவாசலுக்கும் மிகப் பணக்காரக் கடைத்தெருவுக்கும் நடுவில். வருடத்துக்கு ஒருமுறை பதவி புதுப்பிக்கப்படும் ஒருவர் ஊரின் நட்டநடுவில் இப்படி ஒரு வீடு கட்டுகிறார் என்றால் அவர் என்ன சொல்கிறார்? நான் போகப் போவதில்லை என்று சொல்கிறார். அப்பா, சித்தப்பா கதை தெரிந்தும் பணத்தைக் கல்லில் கொட்டியதை முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. தங்கத்தை ஒட்டகத்தில் ஏற்றி இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோகலாம், வீட்டைக் கொண்டுபோக முடியாது.

சரி, உள்ளே போவோம். வீடு மூன்று பகுதி. ஸலாம்லிக் என்பது ஆண் விருந்தாளிகளும் மனு கொடுக்க வருகிறவர்களும் வரும் பகுதி. ஹராம்லிக் குடும்பத்துக்கு, அதுதான் மிகப் பெரியதும் அழகானதும். கதம்லிக் வேலைக்காரர்களுக்கு, சமையலறை எல்லாம் அந்தப் பக்கம். 'லிக்' துருக்கி விகுதி, முன்னால் இருக்கும் ஸலாமும் ஹராமும் கதமும் அரபி. அந்த ஊரின் அன்றைய நிலைமை இந்த மூன்று சொல்லிலேயே இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனி முற்றம் உண்டு. ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் வழிகள் குறுகலாக, இருட்டாக இருக்கும். அந்த இருட்டில் இருந்து வெளியே வந்ததும் ஹராம்லிக் முற்றத்தின் வெளிச்சமும் தண்ணீர்ச் சத்தமும் ஒன்றாக மேலே விழும்படி செய்திருக்கிறார்கள்.

முற்றத்தில் முதலில் கண்ணில் படுவது சுவரின் கோடுகள். அப்லக் என்பார்கள். ஹவ்ரான் பக்கத்து எரிமலைக் கருங்கல் ஒரு வரிசை, வெளிர்ச் சுண்ணாம்புக்கல் ஒரு வரிசை, நடுநடுவே காவி கலந்த மஞ்சள் கல். மம்லூக் காலத்தில் இருந்தே சிரியாவில் செய்து வந்த வேலைதான், அஸ்அத்தின் கொத்தனார்கள் அதை வீட்டு முற்றம் முழுக்க இழுத்துவிட்டார்கள். சன்னல் மேலும் கதவு மேலும் இருக்கும் பட்டைகளை நெருங்கிப் பார்த்தால் வேறொரு நுட்பம் தெரியும். வண்ணக் கற்களை வெட்டிப் பதித்த மாதிரி இருக்கும், ஆனால் அது பதித்த கல் இல்லை. கல்லில் கோலத்தை மெல்லிய பள்ளமாகச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் வண்ணக் குழம்பை நிரப்பி, காய்ந்ததும் மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். கல் பதிப்பதைவிடச் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. பாஷாவும் செலவு பார்த்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

முற்றத்தின் நடுவே தடாகம். சுற்றி மரங்கள், முக்கியமாக நாரஞ் என்று அவர்கள் சொல்லும் கசப்பு ஆரஞ்சு. இந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் நாரத்தை ஞாபகம் வரும். அரபிக்கு அது பாரசீகத்தில் இருந்தும், பாரசீகத்துக்கு இந்தியாவில் இருந்தும் போன சொல், வேர் திராவிடம்தான் என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் பலர் கருதுகிறார்கள். டமாஸ்கஸ் பாஷாவின் முற்றத்தில் நம் சொல் ஒன்று காய்த்துத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தென்புறத்தில் ஈவான் இருக்கிறது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் முழுக்கத் திறந்து, மேலே உயரமான ஒற்றை வளைவு. இது வடக்கே பார்த்துத் திறப்பதற்குக் காரணம் உண்டு, கோடை வெயில் உள்ளே வராது. தடாகத்தைத் தாண்டி வரும் காற்று கொஞ்சம் குளிர்ந்து வரும். டமாஸ்கஸின் பழைய பெரிய வீடுகளில் பொதுவாக இந்த ஏற்பாடு இருக்கும். வெயில் காலத்தில் வீடே ஈவானிலும் கீழ்த்தளத்திலும் குடியிருக்கும், குளிர் வந்தால் மேல்மாடி அறைகளுக்கு ஏறிவிடும். கீழே கல், மேலே மரச்சட்டமும் மண்ணும். ஒரு வீட்டுக்குள்ளேயே வருடத்துக்கு இரண்டு முறை குடிமாறுகிற வாழ்க்கை.

விருந்தினரை உட்கார வைக்கும் பெரிய மண்டபத்துக்குக் காஆ என்று பெயர். உள்ளே நுழைந்ததும் தரை தாழ்வாக இருக்கும், அதன் நடுவில் சின்ன நீரூற்று. அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படி ஏறினால் உட்காரும் மேடை, அங்கே கம்பளமும் திண்டும். வேலைக்காரர் கீழே நிற்பார், விருந்தாளி மேலே உட்காருவார், யாருக்கு என்ன இடம் என்று வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. நீரூற்றின் சத்தத்துக்கும் ஒரு பயன் உண்டு என்பார்கள், மேலே பேசுவது கீழே நிற்பவர் காதில் விழாது.

மண்டபச் சுவர்களில் இருக்கும் மர வேலைக்கு அஜமி என்று பெயர். அஜம் என்றால் அரபியர் அல்லாதவர், குறிப்பாகப் பாரசீகர். வேலை என்னவோ டமாஸ்கஸ்காரர்களுடையது. பலகையில் படம் வரைந்து, ஜிப்சமும் விலங்குப் பசையும் கலந்த குழம்பைக் கோட்டின் மேல் மெல்ல மெல்ல ஊற்றி மேடாக்குவார்கள், கோலமாவு கொஞ்சம் கெட்டியாக உறைந்தால் எப்படியோ அப்படி. அதன் மேல் தங்கத் தாள், வெள்ளீயத் தாள், வெள்ளீயத்தின் மேல் பச்சையோ சிவப்போ கண்ணாடி போன்ற மெருகு. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அந்த மேடுபள்ளம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கும். இப்போது அருங்காட்சியக மின்விளக்கில் பார்ப்பதற்கும் அன்று பார்த்ததற்கும் நிறைய வித்தியாசம் இருந்திருக்கும். இந்த மாதிரி ஒரு முழு டமாஸ்கஸ் அறை, 1707ல் செய்தது, இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரோடு கழற்றிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். வீட்டைக் கொண்டுபோக முடியாது என்று மேலே சொன்னேன் இல்லையா, பிற்காலத்தில் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

மாளிகைக்கு என்றே சொந்தமாக ஒரு ஹம்மாமும், அதாவது நீராவிக் குளியலறையும், உண்டு. ஊர் பொது ஹம்மாமில் இருக்கும் வெளியறை, நடு அறை, சூடான உள்ளறை என்ற வரிசையை அப்படியே சின்னதாக்கி வைத்திருக்கிறார்கள். மேலே குமிழ் குமிழாகக் கண்ணாடி பதித்த கூரை, நீராவிக்குள் வெளிச்சம் தூண் தூணாக இறங்கும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே பாஷா இன்னொரு வேலையும் தொடங்கிவிட்டார். அதே கடைத்தெருவில் கொஞ்சம் தள்ளி வணிகர்கள் சரக்கோடு வந்து தங்க ஒரு பெரிய சத்திரம், கான் அஸ்அத் பாஷா, 1753ல் முடிந்தது. ஒன்பது கூரைக் குமிழ்கள், கருப்பும் வெளுப்புமாக அதே கோடுகள், நடுவில் தடாகம். என்னைக் கேட்டால் கட்டடக் கலை என்ற கணக்கில் மாளிகையைவிட இதுதான் ஒரு படி மேல். மாளிகை அழகான அறைகளின் கூட்டம், கான் ஒரே மூச்சில் யோசித்த கட்டடம். இதன் வாடகை வீட்டுக்கு வருமானம். ஹஜ் பயணிகள் ஊருக்கு வருவார்கள், வணிகர் பின்னால் வருவார்கள், சரக்கு கானில் இறங்கும், பணம் சுவருக்குப் பின்னால் போகும்.

அஸ்அத் பதினான்கு வருடம் பதவியில் இருந்தார், டமாஸ்கஸில் அந்த நூற்றாண்டில் அதுவரை யாரும் இருந்திராத அளவு. ஹஜ் கூட்டத்தைப் பதினான்கு முறை பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். 1757 தொடக்கத்தில் அவரை அலெப்போவுக்கு மாற்றிவிட்டு ஹுசைன் பாஷா இப்ன் மக்கி என்பவரை நியமித்தார்கள். அந்த வருடமே ஹஜ் முடிந்து திரும்பிய கூட்டத்தைப் பனூ ஸக்ர் குலத்தார் தாக்கினார்கள். வழக்கமாகக் கொடுக்கும் பணம் வராததும், வறட்சியும் காரணம் என்கிறார்கள். வெட்டுப்பட்டும் தாகத்திலும் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள், இருபதாயிரம் என்று ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. பேரரசு முழுக்க அதிர்ந்தது. சுல்தான் மூன்றாம் முஸ்தஃபா அப்போதுதான் பதவிக்கு வந்திருந்தார். பழி அஸ்அத் மேல் விழுந்தது, பதவி போன கோபத்தில் அவர்தான் பதுவிகளைத் தூண்டிவிட்டார் என்று. உண்மையா என்றால் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. அவர் இல்லாமல் இந்த வேலை நடக்காது என்பது நிரூபணமானதே அவருக்கு எமனாக முடிந்தது என்றுதான் நான் படிக்கிறேன். 1758ல் சுல்தானின் ஆணைப்படி அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அப்புறம் டமாஸ்கஸ் வீட்டுக்கு ஆள் வந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வந்த அதே ஆள். தரையைத் தோண்டினார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், புதைத்து வைத்திருந்த பணம் மூலைக்கு மூலை கிடைத்தது என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அடுத்த வருடமே, 1759ல், ஊரைப் புரட்டிப் போட்ட பெரிய நிலநடுக்கம். கானின் கூரைக் குமிழ்களில் சில விழுந்துவிட்டன. மாளிகை நின்றது. குடும்பமும் நின்றது என்பதுதான் வேடிக்கை. அஸ்ம் குடும்பத்தில் இருந்து பிறகும் ஆளுநர்கள் வந்தார்கள், இருபதாம் நூற்றாண்டில் சிரியாவின் பிரதமராகப் பலமுறை இருந்த காலித் அல் அஸ்ம் வரைக்கும் அந்தப் பெயர் ஓடியது. மாளிகையிலும் அந்தக் குடும்பத்தார் 1920கள் வரை குடியிருந்தார்கள். ஆக அஸ்அத்தின் கணக்கு ஒருவிதத்தில் சரியாகத்தான் வந்தது: தங்கம் போயிற்று, கல் குடும்பத்தோடு இருந்தது.

1922ல் ஹராம்லிக் பகுதியை பிரெஞ்சுக்காரர்கள் வாங்கி, இஸ்லாமியக் கலைக்கும் தொல்லியலுக்குமான ஆய்வு நிறுவனம் ஒன்றை அங்கே வைத்தார்கள். சிரியா அப்போது பிரான்சின் பொறுப்பாட்சியில் இருந்தது. 1925ல் பெரும் கிளர்ச்சி வெடித்தது. அக்டோபர் 18 அன்று ஹஸன் அல் கர்ராத் தலைமையில் கிளர்ச்சியாளர்கள் நகருக்குள் நுழைந்து நேரே இந்த மாளிகைக்கு வந்தார்கள், பிரெஞ்சு உயர் ஆணையர் ஜெனரல் ஸராயி உள்ளே இருக்கிறார் என்று நம்பி. அவர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார். மாளிகை சூறையாடப்பட்டது, தீப்பிடித்தது. பிரெஞ்சுப் படை பதிலுக்கு இரண்டு நாள் பழைய நகரத்தின் மேல் குண்டு பொழிந்தது. பெரிய மண்டபம் எரிந்து போனது. யார் வைத்த தீ எவ்வளவு எரித்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பிறகு அதே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம்தான் பழுதுபார்த்தது. 1930களில் மிஷெல் எகோஷார் என்ற இளம் கட்டடக் கலைஞர் நிறுவன இயக்குநருக்காக மாளிகை வளாகத்துக்குள்ளேயே ஒரு நவீன பாணி வீட்டையும் கட்டினார். பதினெட்டாம் நூற்றாண்டுக் கோடுகளுக்குப் பக்கத்தில் அலங்காரமே இல்லாத கான்கிரீட் வீடு. பலருக்கு அது உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை, பழசு மாதிரி நடிக்கவில்லையே. சிரியா விடுதலை பெற்ற பிறகு அரசு மாளிகையை வாங்கியது, 1954ல் மக்கள் கலைகளுக்கும் மரபுகளுக்குமான அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மீட்டெடுப்புப் பணிக்காக 1983ல் ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைத்தது. ஆக இன்று நாம் பார்ப்பதில் எது அஸ்அத் காலத்துக் கல், எது 1925க்குப் பிறகு எழுப்பியது என்று கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அஸ்அத் டமாஸ்கஸுக்கு வருவதற்கு முன் ஹமாவில் கட்டிய இன்னொரு மாளிகைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1982ல் அரசு ஹமாவைத் தாக்கியபோது அதுவும் நொறுங்கியது, பிற்பாடு சரிசெய்தார்கள். டமாஸ்கஸ் மாளிகை உள்நாட்டுப் போரையும் தாண்டி நிற்கிறது.

அருங்காட்சியகம் ஆனபின் அறைக்கு அறை பொம்மைகள் வைத்தார்கள். ஒரு அறையில் கல்யாணப் பெண், ஒரு அறையில் குழந்தைகளுக்குக் குர்ஆன் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், ஒரு அறையில் காபிக் கடை. பொம்மைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஹஜ் பயணத்துக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு மஹ்மல் இருக்கிறது, கூட்டத்துக்கு முன்னால் போகும் ஒட்டகத்தின் மேல் வைக்கும் பூவேலைத் துணி போர்த்திய கூடாரப் பல்லக்கு. உள்ளே ஆள் உட்காருவதில்லை, சுல்தானின் அதிகாரம் கூடவே வருகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அஸ்அத் பாஷா பதினான்கு முறை அப்படி ஒரு காலிப் பல்லக்கின் பின்னால் போய்த் திரும்பினார்.